பிடியும் பிசினும்

மான் கொம்பு, மாட்டுக் கொம்பு என்று இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். பொருள் வேறு. மானுடையது எலும்பு, ஆண்டுதோறும் விழுந்து மறுபடி முளைப்பது. வெளியே கெட்டி, நடுவே பஞ்சுபோல் துளைகள். எருமைக் கொம்பு நம் நகத்தின் சாதி; சூடு காட்டினால் இளகும், வளைத்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும். யானைத் தந்தமோ பல். மூன்றுக்கும் பொதுக்குணம் ஒன்று உண்டு: ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இரும்பு அப்படிச் செய்வதில்லை. கத்திக்குக் கொம்புப் பிடி போடுகிறவனின் தலைவலியே இதுதான்.

இதற்குப் பழைய விடை அரக்கு. இந்திய வாள்கள் பலவற்றில் பிடிக்குள் அரக்கையோ குங்கிலியத்தையோ செங்கல் பொடியோடு குழைத்துச் சூடாக ஊற்றி, அலகின் வாலைச் செருகினார்கள். பிடி ஆட்டம் கண்டால் மறுபடி சூடு காட்டினால் போதும். இன்றைய விடை வேறு. காய்ந்த மான் கொம்பை அக்ரிலிக் பிசினில் மூழ்கவைத்து, பம்பு போட்டுத் துளைகளிலுள்ள காற்றை உறிஞ்சுகிறார்கள். பம்பை நிறுத்தியதும் வெளிக்காற்றின் அழுத்தம் பிசினை உள்ளே தள்ளும். பிறகு சூட்டில் இறுகவைப்பார்கள். எருமைக் கொம்பில் இது அவ்வளவாக எடுபடாது. பிசின் புகத் துளை வேண்டுமே!

நம் கடமானின் கொம்பு அதிகம் கெட்டியானது. அதனால்தான் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். சேலத்திலும் 19ஆம் நூற்றாண்டில் அருணாசலம் என்ற கொல்லர் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வேட்டைக் கத்திகள் செய்து பேர் வாங்கினார். அவர் பெயரும் ஊரும் பொறித்த கத்திகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காலம் மாறியது. இன்று காட்டில் தானாக விழுந்த கொம்பைப் பொறுக்கி விற்றாலும் குற்றம். மானுக்கு அது நல்லதே.

ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்கள் இருக்கின்றன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு இது; கோடையில் கொளுத்தும், ஐப்பசியில் ஊறும். தந்தத்துக்கு இதைவிடக் கெட்ட ஊர் கிடையாது என்றுதான் என் பொறியாளர் மூளை சொல்லும். ஆனாலும் அவை நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டன. இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள தஞ்சாவூர் அரண்மனையின் ஆயுதக் கிடங்கைப் பாருங்கள். அங்கே இருந்தது எஃகு. 1863இல் மதராஸ் அரசாங்கம் அதைக் கலைத்தது. சில அருங்காட்சியகத்துக்குப் போயின. பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். வட்டு பழுதாகித் தொலைந்த கோப்புகளைவிட, 'இது யாருக்கு வேணும்?' என்று அழித்த கோப்புகளையே அதிகம் பார்த்திருக்கிறேன். பிசின் கொம்பின் விரிசலைத் தடுக்கும். தஞ்சாவூர் வாள்களை உடைத்தது ஈரமோ துருவோ அல்ல. அவற்றைக் கேட்க ஆளில்லாமல் போனதுதான். ஸ்ரீரங்கத்தின் தந்தத்துக்கு ஒரு கோயில் இருந்தது.