செட்டிநாட்டு வீடு

செட்டிநாட்டு வீடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களிலுள்ள நகரத்தார் எனும் வணிகச் சமூகத்தாரின் ஊர்களில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1940கள் வரை பெருமளவில் கட்டப்பட்ட கூட்டுக் குடும்ப மனை. பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் வணிகம் செய்து ஈட்டிய பொருள் இவ்வீடுகளை எழுப்பியது. பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் கண்ணைப் பறிப்பதால், இவற்றைப் பகட்டின் சின்னம் என்று முடிவுகட்டுவோர் பலர். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912இல் கட்டிய அரண்மனையின் முகப்பைப் பார்த்தால் அந்தக் கருத்தை முற்றிலும் மறுக்க முடியாது. ஆயினும் முகப்பைக் கடந்து வளவு எனும் உள்முற்றப் பகுதிக்குள் சென்றால், உறவைப் பிரிக்காமல் வரவுசெலவை மட்டும் பிரித்த ஒரு குடும்ப ஏற்பாடே இவ்வீட்டின் கரு என்பது விளங்கும்.

ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் நீண்ட மனையில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அமையும். கணக்குவழக்கும் வணிகப் பேச்சும் முகப்போடு நின்றுவிடும். வளவின் நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதையொட்டிப் பொதுவாக ஒரே அளவிலான அறைகள். மகனுக்கு மணமானதும் ஓர் அறை அவன் பங்காகும். 'வேறு வைத்தல்' வழக்கப்படி அவன் பெற்றோர் வீட்டிலேயே தனி அடுப்பில் சமைத்து, தன் வரவுக்குள் வாழ்வான். கோயில் வரிக்கும் அவன் குடும்பம் 'புள்ளி' எனப்படும் தனி அலகு. அறை தனியுடைமை, தாழ்வாரமும் முற்றமும் பொது. காற்று, வெளிச்சம், மழைநீர் மூன்றும் பொதுவிடத்தின் வழியாகவே வீட்டுக்குள் வந்தன. முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் வெயில் காலத்திலும் குளிர்ச்சி தந்தன.

1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் பணவரவு முறிந்தது. பங்குகள் மட்டும் தலைமுறைதோறும் பெருகின. பங்காளிகள் ஒப்பாவிட்டால் பழுதுபார்க்கவும் இயலாது என்பதால், பங்குமுறையே வீடுகளை அழிக்கிறது என்பர். தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்ததை எண்ணினால் அதில் உண்மை உண்டு. ஆனால், ஒருவர் நினைத்தவுடன் விற்றுவிட முடியாதபடி தடுத்ததும் அதே பங்குதான். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திருமணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் திறக்க வைப்பதும் அதுவே. அருங்காட்சியகத்தில் காத்தால் போதாதா என்றும் கேட்கலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகம், 1996 முதல் இத்தகைய வீட்டின் தச்சுத் திறனைக் காத்து வருகிறது. தச்சைப் பெயர்த்து நிறுத்தலாம். பங்காளிகளின் உரிமையையும் கடமையையும் அப்படிப் பெயர்க்க முடியாது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இனிவரும் பாதுகாப்புத் திட்டம் எதுவாயினும், பழுதுபார்க்கும் செலவைப் பங்காளிகள் கூடிச் சுமக்க வழிசெய்தால்தான் நிலைக்கும்.