தில்லியில் ஓர் ஆப்பிரிக்க எழுத்தாளர்

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து இராமச்சந்திராபுரத்தில் குடியேறிய நமக்கு இப்னு பதூதாவின் கதை அந்நியமல்ல. ஆப்பிரிக்காவின் வடகோடியில், மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-இல் பிறந்தவர். 1325-இல் மக்கா யாத்திரை என்று கிளம்பியவர், 1334-இல் முகமது பின் துக்ளக்கின் தலைநகரான தில்லிக்கு வந்து சேர்ந்தார்.

அந்நிய நாட்டாரை வாரி அணைப்பது துக்ளக்கின் வழக்கம். இவருக்குக் காஜி பதவி கிடைத்தது. ஆண்டுக்கு 12,000 தினார் சம்பளம். தர்பாரில் புழங்கிய பாரசீகம் இவருக்குச் சரியாக வராது. அதனால் இரண்டு உதவியாளர்களையும் சுல்தானே கொடுத்தார்.

நான் கடைக்காரன், என் கண் முதலில் கணக்கின் மேல்தான் போகும். சுல்தானைப் பார்க்கப் போகிறவர்கள் காணிக்கை கொண்டு போக வேண்டும். அதற்கு வியாபாரிகளே கடன் கொடுப்பார்கள். சுல்தான் பல மடங்காகத் திருப்பிக் கொடுப்பார். கடன் லாபத்தோடு அடையும். நம்மவர் கை தாராளம். கடன் 55,000 தினாராக ஏறிவிட்டது! கடன்காரர்களிடமே, "அரண்மனை வாசலில் என்னை மறித்துக் கூச்சல் போடுங்கள்" என்று யோசனை சொல்லிக் கொடுத்தார். சுல்தான் கடனை அடைத்தார்.

துக்ளக்கின் நல்ல முகத்துக்குச் சமண நூல்களும் சாட்சி. சுவேதாம்பரத் துறவி ஜினபிரப சூரியை அவர் மதித்துப் போற்றினார். அத்துறவி தில்லியில் 1333 வாக்கில் முடித்த 'விவித தீர்த்த கல்பம்' நமக்குப் பக்கத்திலுள்ள கொலனுபாகவையும் பாடுகிறது.

இன்னொரு முகமும் உண்டு. ஷிஹாபுத்தீன் என்ற பெரியவரைச் சுல்தான் கொல்வித்தார். அவரை ஒருமுறை பார்க்கப் போன குற்றத்துக்காக இப்னு பதூதா காவலில் வைக்கப்பட்டார். ஐந்து நாள் உபவாசம் இருந்து உயிர் தப்பியவர், பதவியை உதறிச் சில காலம் துறவியாக வாழ்ந்தார். 1342-இல் சீனத் தூதராகத் தில்லியை விட்டுப் புறப்பட்டார்.

கப்பல் சேதமாகி, மாலத்தீவு, இலங்கை சுற்றிக் கடைசியில் மதுரைச் சுல்தான் தாமகானியிடம் வந்தார். தாமகானி இவருக்குச் சகலை முறை. ஆனாலும் அவர் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை இவர் கண்டித்தே எழுதியிருக்கிறார்.

சொந்த நாடு திரும்பிய பிறகு, 1355-இல் இப்னு ஜுஸை எழுத, இவர் சொல்லச் சொல்ல நூல் முடிந்தது. அதில் துக்ளக்கின் கொடையும் இருக்கிறது, கொலையும் இருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர் நினைத்தார், அதற்காகக் கண்டதை மறைக்கவில்லை. வரவை மட்டும் எழுதினால் அது கணக்கல்ல. வந்த ஊரில் நாம் பெற்றதையும் பட்டதையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்கு எழுதி வைப்போம்.