மருந்து ஒவ்வாமைத் தோல் விளைவுகள்

மருந்து ஒவ்வாமைத் தோல் விளைவுகள் என்பவை, உட்கொண்ட அல்லது ஊசிமூலம் செலுத்தப்பட்ட மருந்தொன்றை உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி பகைப்பொருளாகக் கருதுவதால் தோலில் தோன்றும் தடிப்பு, சிவப்பு, கொப்புளம் முதலியன ஆகும். மருந்தின் அளவு மிகுவதால் வரும் நச்சு விளைவுகளிலிருந்து இவை வேறுபட்டவை. பெரும்பாலானவை மருந்தை நிறுத்தியதும் மறைகின்றன. சில உயிருக்கு ஆபத்தானவை. எல்லா வகைகளையும் உறுதி செய்யக்கூடிய தனியொரு ஆய்வகச் சோதனை இல்லை. எந்த மருந்து எந்த நாளில் தொடங்கப்பட்டது என்னும் விவரமே நோயறிதலுக்கு அடிப்படையாகும்.

வகைகள்

மருந்து எடுத்ததற்கும் விளைவு தோன்றியதற்கும் இடைப்பட்ட காலத்தைக் கொண்டு இவை பிரித்தறியப்படுகின்றன.

* உடனடித் தடிப்பு: மக்கள் வழக்கில் காணாக்கடி எனப்படும் அரிப்புத் தடிப்புகள், பெரும்பாலும் 1 மணி நேரத்திற்குள் தோன்றும். உதடு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்தால் அது அவசர நிலையாகும்.
* செம்புள்ளித் தடிப்பு: மிகப் பரவலான வகை. புதிய மருந்து தொடங்கிய 4 முதல் 14 நாட்களில் மார்பிலும் முதுகிலும் தொடங்கிப் பரவும்.
* ஒரே இடத்தில் மீளும் தடிப்பு: அதே மருந்தை மீண்டும் எடுக்கும்போதெல்லாம் உதடு, கை, பிறப்புறுப்பு போன்ற அதே இடத்தில் வட்டமான கருஞ்சிவப்புத் திட்டு தோன்றி, பின் கருந்தழும்பாக நிற்கும். கோ-டிரைமாக்சசோல், வலிநிவாரணிகள், வயிற்றுப்போக்கு மாத்திரைகள் ஆகியன இதற்குக் காரணமாவதுண்டு.
* ஸ்டீவன்ஸ்-ஜான்சன் கூட்டறிகுறி: 4 முதல் 28 நாட்களில் காய்ச்சலுடன் வாய், கண் ஆகியவற்றில் புண்ணும் தோல் உரிதலும் ஏற்படும். உரிந்த பகுதி உடற்பரப்பில் 30 விழுக்காட்டைக் கடந்தால் அது நச்சு மேற்றோல் சிதைவு எனப்படும். இது தீக்காயத்தைப் போன்றே கவனிக்கப்பட வேண்டியது.
* உள்ளுறுப்புகளைத் தாக்கும் வகை: 2 முதல் 8 வாரங்கள் கழித்து முகவீக்கம், காய்ச்சல், கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றுடன் வரும்.

வரலாறு

அமெரிக்க மருத்துவர்களான ஸ்டீவன்ஸ், ஜான்சன் இருவரும் 1922இல் தம் பெயரால் வழங்கும் கூட்டறிகுறியை விவரித்தனர். மேற்றோல் சிதைவை ஆலன் லையல் 1956இல் விவரித்தார்.

தமிழ்நாட்டிற்கு நெருக்கமான எடுத்துக்காட்டு தயாசிட்டசோன் என்னும் காசநோய் மருந்தாகும். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், ஐசோனியாசிட்டுடன் இதைச் சேர்த்துத் தரும் முறையை 1960களில் ஆய்வு செய்தது. விலை மலிவு என்பதால் அது நாடெங்கும் வழங்கப்பட்டது. ஆனால் எச்.ஐ.வி தொற்று உடையோரிடம் இம்மருந்து கடுமையான தோல் உரிதலை உண்டாக்குவதை 1991இல் கென்யாவிலிருந்து வெளியான ஆய்வு காட்டியது. அவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குத் தோல் விளைவு ஏற்பட்டது. தொற்று இல்லாதவர்களில் இது நூற்றில் ஒருவர் அளவிலேயே இருந்தது. இதன்பின் அத்தகையோருக்கு இம்மருந்தைத் தவிர்க்குமாறு உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்தியது. ஒருவருக்குப் பாதுகாப்பான மருந்து மற்றொருவருக்குக் கேடாகலாம் என்பதற்கு இது சான்றாகும்.

வலிப்பு மருந்தான கார்பமசெபைனால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் கூட்டறிகுறிக்கும் எச்.எல்.ஏ-பி 15:02 என்னும் மரபணு வகைக்கும் உள்ள தொடர்பு 2004இல் தைவானில் கண்டறியப்பட்டது. இந்திய நோயாளிகளிடமும் இத்தொடர்பு பின்னர் காணப்பட்டது.

நோயறிதல்

முதற்படி, கடந்த 8 வாரங்களில் எடுத்த மருந்துகள் அனைத்தையும் நாள்வாரியாக வரிசைப்படுத்துவதாகும். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கியவை, நாட்டு மருந்துகள் ஆகியனவும் இதில் அடங்கும். அட்டையிலிருந்து வெட்டித் தாளில் மடித்துத் தரப்படும் பெயரற்ற மாத்திரைகள் இப்பணியை ஏறத்தாழ இயலாததாக்குகின்றன.

1981இல் உருவாக்கப்பட்ட நரான்ஜோ அளவுகோல் 10 கேள்விகளுக்கு மதிப்பெண் தருகிறது. 9 அல்லது அதற்கு மேல் எனில் மருந்தே காரணம் என்பது உறுதி. 5 முதல் 8 வரை எனில் பெரும்பாலும் காரணம். 1 முதல் 4 வரை எனில் காரணமாக இருக்கக்கூடும் எனக் கொள்ளப்படும்.

உடனடி வகைக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும், தாமத வகைக்கு முதுகில் மருந்தை ஒட்டிப் பார்க்கும் சோதனையும் உதவலாம். இவை தடிப்பு ஆறிச் சில வாரங்களுக்குப் பின்னரே செய்யப்படும். ஐயமான நிலையில் தோல் திசுப் பரிசோதனை செய்யப்படும். மருந்தைச் சிறிதளவு கொடுத்துப் பார்ப்பது மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கது. தோல் உரிந்தவர்களுக்கு இது செய்யப்படலாகாது.

ஒத்த தோற்றமுடைய நோய்கள்

தட்டம்மை, டெங்கு போன்ற தொற்றுகளின் தடிப்பும் மருந்துத் தடிப்பை ஒத்திருக்கும். தொழில்சார் தோல் அழற்சியும் குழப்பம் தரும். விருத்தாசலம் போன்ற பீங்கான் தொழில் நகரங்களில் இவ்வேறுபாடு கருதத்தக்கது. பீங்கான் நிறமிகளில் பயன்படும் கோபால்ட்டுச் சேர்மங்கள் தொடுகையால் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. தொடுகையால் வருவது பெரும்பாலும் கையிலும் முன்கையிலும் தோன்றி, விடுமுறை நாட்களில் தணியும். மருந்தால் வருவது உடலின் இருபுறமும் சமமாகப் பரவும். வேலைக்குச் செல்லாததால் தணியாது.

இந்தியாவில் பதிவுமுறை

மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் இந்தியாவில் 2010இல் தொடங்கப்பட்டது. 2011 முதல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துத்தர ஆணையம் இதன் தேசிய மையமாக உள்ளது. புதுச்சேரி ஜிப்மர், சென்னை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் இதன் கண்காணிப்பு மையங்கள் உள்ளன. நோயாளியும் 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

தடுப்பு

ஐயத்திற்குரிய மருந்தை நிறுத்துவதே முதற் சிகிச்சையாகும். வலிப்பு, காசநோய் போன்றவற்றுக்கான மருந்தை மருத்துவர் மாற்றித் தர வேண்டியிருப்பதால் அவரை உடனே அணுக வேண்டும். வாய்ப்புண், கண் எரிச்சல், தோல் வலி, கொப்புளம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் தாமதம் கூடாது. ஒவ்வாத மருந்தின் வணிகப் பெயரை மட்டுமன்றி வேதிப்பெயரையும் எழுதி வைத்திருத்தல் வேண்டும்; ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. கார்பமசெபைன் ஒவ்வாத சிலருக்கு பெனிட்டோயினும் ஒவ்வாது.

ஆராயாமல் ஒவ்வாமை என முத்திரையிடுவதும் தீங்கானது. மேலைநாடுகளில் பென்சிலின் ஒவ்வாமை உள்ளதாகக் கருதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தபோது, 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் அதை ஏற்கக்கூடியவர்களாகவே இருந்தனர்.