மீட்பின் உறுதி: சோழமண்டலக் கரையில் இரு போதனைகள்

தாம் இறையருளில் நிலைத்திருப்பதையும் இறுதியில் மீட்படையப்போவதையும் ஒருவர் இம்மையிலேயே ஐயமின்றி அறிய முடியுமா என்பது கத்தோலிக்கரையும் சீர்திருத்தச் சபையாரையும் பிரித்த கேள்விகளுள் ஒன்று. கடவுள் நம்பத்தக்கவரா என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. மனிதன் தன் நிலையை எவ்வளவு அறிவான் என்பதிலேயே வேறுபாடு. இது பலமுறை மறக்கப்படுகிறது.

இவ்விரு போதனைகளும் தமிழில் எதிரெதிரே நின்றது காவிரிப் படுகையில். சோழமண்டலக் கரையில் உள்ள தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் லுத்தரன் குரு சீகன்பால்க் வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சேறி முடிந்தது. தஞ்சை அரசரின் படையில் இருந்த கத்தோலிக்கரான இராசநாயக்கன் அதைப் படித்து 1720களில் லுத்தரன் சபையில் சேர்ந்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் சும்மா இருக்கவில்லை. 'வேத விளக்கம்' (1728), 'லுத்தேரினத்தியல்பு' ஆகிய உரைநடை நூல்களில் லுத்தரன் போதனையை மறுத்தார். கண்டன நூல்களுக்குரிய காரம் அவற்றில் நிறையவே உண்டு.

வீரமாமுனிவர் சார்ந்த கத்தோலிக்க மரபின் நிலைப்பாட்டைத் திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13இல் வகுத்தது. இறைவனின் இரக்கத்தையும் கிறிஸ்துவின் பேறுபலன்களையும் அருளடையாளங்களின் ஆற்றலையும் எவரும் ஐயுறலாகாது. ஆனால் தன் பலவீனத்தை நோக்கும் எவரும் அஞ்ச இடமுண்டு. தனி வெளிப்பாடு பெற்றாலன்றி, இறுதிவரை நிலைத்திருப்போம் என்று எவரும் பிழையற்ற உறுதியோடு சொல்ல முடியாது. சாவான பாவத்தால் அருளை இழக்கலாம்; பாவசங்கீர்த்தனத்தால் மீண்டும் பெறலாம். நன்மரணத்துக்காக மன்றாடும் வழக்கம் இங்கிருந்தே பொருள் பெறுகிறது. இதை அவநம்பிக்கை என்று கொள்வது பிழை. எதிர்நோக்குக்கும் ஓர் உறுதி உண்டு என்றும், அருளில் இருப்பதை அடையாளங்களால் ஓரளவு உணரலாம் என்றும் தாமஸ் அக்குவினாஸ் முன்பே விளக்கியிருந்தார்.

லுத்தரின் பார்வையில், தன்னைத் தானே சோதித்துக்கொண்டிருக்கும் மனச்சாட்சிக்கு ஓய்வே கிடையாது. ஆகவே விசுவாசி தன்னை விட்டுக் கிறிஸ்துவின் வாக்குறுதியை நோக்க வேண்டும். உறுதி அந்த வாக்கில் இருக்கிறது. ஆனால் விசுவாசத்தை இழக்க முடியாது என்று லுத்தரன் சபை சொல்வதில்லை. தெரிந்துகொள்ளப்பட்டோர் முற்றாக விழமாட்டார்கள் என்பது கால்வின் வழியினரின் போதனை. 1618–19இல் கூடிய டோர்ட் சங்கம் அதை நிலைநாட்டியது. 'ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிப்பே' என்பதைப் புராட்டஸ்தாந்தியர் அனைவரின் கொள்கையாகக் காட்டுவது இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. தரங்கம்பாடிக்கு வந்த ஹாலே நகர பக்திமார்க்கத்தார், மனந்திரும்புதலின் போராட்டத்தையும் மாறிய வாழ்வையும் வற்புறுத்தினர். இதனால் தன்னாய்வு பின்வாசல் வழியே மீண்டும் நுழைந்தது.

1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒப்பமிட்ட கூட்டறிக்கை, இந்தக் கேள்விக்குத் தனிப் பகுதி ஒதுக்கியது. விசுவாசிகள் கடவுளின் வாக்குறுதியைச் சார்ந்திருக்கலாம்; எவரும் அவருடைய இரக்கத்தை ஐயுறலாகாது; ஆனால் தம் பலவீனத்தைக் காணும் எவரும் தம் மீட்பைக் குறித்துக் கவலைகொள்ளலாம் என்பது அதன் சாரம். தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அக்கூட்டமைப்பின் உறுப்பு. 2006இல் மெதடிஸ்தரும் 2017இல் கால்வின் மரபுச் சபைகளின் உலக அமைப்பும் அறிக்கையோடு இணைந்தன. ஆயினும் இறந்தோருக்கான மன்றாட்டு, உத்தரிக்கும் ஸ்தலம் ஆகியவை பற்றிய கருத்து வேறுபாடு நீடிக்கிறது.