பெயரில்லாப் படங்கள்

வார விடுமுறையில் வெள்ளையர் காலக் கட்டடங்களைக் காண வருவோர் பெரும்பாலும் நுவரெலியாவின் செங்கல் தபாற்கந்தோரோடு திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் குடும்பமாக ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியே பொகவந்தலாவைக்குப் போனோம். அங்கே சென். மேரிஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரனும் கணவர் சார்ள்ஸ் ஹே கமரனும் அடக்கமாகியிருக்கிறார்கள்.

கணவரை நேயர்கள் அறிவார்கள். 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தின் கமரன் அவரே. அம்மையார் கல்கத்தாவிலே பிறந்து, 48 வயதில் கமராவைக் கையிலெடுத்தவர். டார்வினும் டெனிசனும் அவர் முன் அமர்ந்தார்கள். 1875இல் இலங்கை வந்தார். 1879 சனவரி 26இல் இறந்தார்.

இங்கும் படம் பிடித்தார். தோட்டத் தமிழர்களும் அவர் முன் நின்றார்கள். டார்வினின் படத்தில் டார்வினின் பெயர் உண்டு. இவர்களில் பலருக்குப் பெயரே இல்லை. "கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே!" என்றாள் மகள். நியாயந்தான். எழுதி வைக்க வேண்டுமென்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

அது, 1869இல் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்துகொண்டிருந்த காலம். அந்தக் கோப்பிக்காகவே இராமநாதபுரம், திருச்சிப் பக்கத்து மக்கள் கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து வந்தார்கள். நடுவழியில் காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டவர்களுக்குக் கல்லுமில்லை, கல்லறையுமில்லை.