கோடும் இதழும்: கேலிச்சித்திரப் பெண்முகத்தில் உதடு வந்த வழி

கேலிச்சித்திரத்தில் ஆணின் வாய்க்கு ஒரு கோடு போதும். பெண்ணின் வாய்க்கு மேலுதடு வேண்டும், கீழுதடு வேண்டும், இரண்டுக்கும் மை நிரப்ப வேண்டும். தமிழ் இதழ்களில் பல தலைமுறையாகத் தொடரும் இவ்வழக்கத்தின் வேரைத் தேடப் புகுந்தால், முதலில் அமெரிக்கக் கொமிக்ஸ் ஓவியர் ஸ்கொட் மக்கிளவுட்டோடு வாதாட வேண்டியிருக்கிறது.

1993இல் வெளிவந்த ‘அண்டர்ஸ்டாண்டிங் கொமிக்ஸ்’ நூலில் அவர் ஒரு முகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் காட்டுகிறார். புகைப்படம் போன்ற முகத்தில் தொடங்கி, விவரங்களை ஒவ்வொன்றாகக் களைந்து, கடைசியில் ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு என்று நிறுத்துகிறார். குறையக் குறைய அந்த முகம் பலருக்கும் பொருந்துகிறது, அதனால்தான் வாசகர் அதில் தம்மையே காண்கிறார் என்பது அவர் முடிபு. கேலிச்சித்திரத்தின் ஈர்ப்பை இவ்வளவு தெளிவாக விளக்கியவர்கள் குறைவு. அந்தப் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் அந்த வட்டமுகம் எல்லாருக்கும் பொதுவானது என்பதை ஏற்க முடியாது. நூல் முழுவதும் கதைசொல்லியாக வருபவர் மக்கிளவுட்தான். மூக்குக்கண்ணாடி போட்ட, மிக எளிய கோடுகளாலான முகம். தம்மை இன்னும் தத்ரூபமாக வரைந்திருந்தால் வாசகர் தம் பேச்சுக்கு இப்படிக் காது கொடுத்திருக்கமாட்டார் என்றும் சொல்கிறார். அது ஓர் ஆணின் முகம் என்பது அவர் வாதத்துக்குள் வரவேயில்லை. பொதுமுகம் என்று அவர் காட்டுவது, எதையும் சேர்க்காமலே ஆணாகக் கொள்ளப்படும் முகம். அதைப் பெண்ணாக்க ஏதாவது சேர்க்க வேண்டும்.

இதைச் சோதிக்க ‘பக்மான்’ வீடியோ விளையாட்டைவிட நல்ல சான்று இல்லை. 1980இல் ஜப்பானின் நம்கோ நிறுவனம் வெளியிட்ட அந்த உருவம் திரையில் ஒரு மஞ்சள் வட்டம், அதில் வெட்டியெடுத்த ஆப்பு வடிவ வாய், அவ்வளவே. கண்கூட இல்லை. மக்கிளவுட்டின் படிக்கட்டில் அதற்குக் கீழே படியில்லை. 1982இல் அமெரிக்காவில் ‘மிஸ் பக்மான்’ வந்தபோது அதே வட்டத்துக்குச் சிவப்பு ரிபன் கட்டினார்கள், கண் வைத்தார்கள், கன்னத்தில் மச்சம் வைத்தார்கள், வாயின் விளிம்பில் சிவப்பு உதடு வைத்தார்கள். திரையில் அந்த உருவத்துக்கு ஒதுக்கிய இடம் பதினாறுக்குப் பதினாறு புள்ளிச் சதுரம்; அந்த இடுக்கிலும் உதட்டுக்கு இடம் தேடியிருக்கிறார்கள். முழு உடம்பும் வாயாக இருக்கும் ஆணுக்கு உதடு தேவைப்படவில்லை. பெண்ணுக்குத் தேவைப்பட்டது.

இது மனித இயல்பு, எங்கும் எப்போதும் இப்படித்தான் என்று ஒருவர் சொல்லலாம். தமிழ்ச் சான்று அதற்கு எதிராக நிற்கிறது. நாலாம் திருமுறையில் அப்பர் தில்லைக் கூத்தனைப் பாடும்போது, வளைந்த புருவத்துக்கு அடுத்ததாகவே கொவ்வைக்கனி போலச் சிவந்த வாயையும் அதில் அரும்பும் சிரிப்பையும் வைக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் கொவ்வை வாய் ஆண் தெய்வத்துக்குரிய அழகு. கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் (1898–1976) சாமிப்படங்களில் வள்ளி தெய்வானைக்கு எப்படியோ முருகனுக்கும் அப்படியே செவ்விதழ். கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத் தீவகக் குடும்பங்கள் வழியாகப் புளியங்கூடல் போன்ற ஊர்களின் சுவர்களுக்கு வந்த கலண்டர் முருகனும் இந்த மரபுக்காரன்தான். நாட்டுக்கூத்தில் ராசா வேடத்துக்கும் உதட்டைச் சிவப்பாக்குவார்கள். தியாகராஜ பாகவதர் முதல் எம்.ஜி.ஆர். வரை திரை நாயகர்களின் உதட்டுச்சாயம் மறைவானதன்று.

ஆணின் உதடு எங்கே தொலைந்தது? அச்சுக்கூடத்தில் என்பது என் வாதம். உதட்டைப் பேனாவால் வரைபவர் நடுவில் ஒரு நீள்கோடு இழுப்பார். அதன்மேல் தட்டையான வளைவு. கீழுதட்டுக்கு அடியில் ஒரு சிறு நிழற்கோடு. வெளிச்சம் மேலிருந்து விழுவதால் மேலுதடு இருண்டிருக்கும். இந்த மூன்று கோடுகளும் மிக நெருங்கியவை. படத்தைச் சுருக்கித் துத்தநாக பிளாக் (அச்சுத்தகடு) எடுத்து, மலிவான தாளில் அடித்தால் இடைவெளியில் மை அடைத்துக்கொள்ளும். ஒரு பத்தி அகலத் துணுக்குப் படத்தில் முகம் கட்டைவிரல் நகமளவுக்கும் சிறுக்கும்போது, ஓவியருக்கு இரண்டே வழி: உதட்டை விட்டுவிடலாம், அல்லது தாமே கறுப்பாக நிரப்பிவிடலாம். ஆணுக்கு விட்டார்கள், பெண்ணுக்கு நிரப்பினார்கள். பிளாக் கட்டாயப்படுத்தியது தேர்வை. யாருக்கு எது என்பதை அது சொல்லவில்லை.

அந்தப் பங்கீடு சினிமாவிலிருந்து வந்தது என்றும் வாதிடலாம். செந்நிறத்தை உணராத ஓர்த்தோகுரோமற்றிக் பிலிமில் சிவந்த உதடு கறுப்பாகவே விழும். 1930இல் பிளெய்ஷர் ஸ்டூடியோவிலிருந்து வந்த கார்ட்டூன் நாயகி பெட்டி பூப்பின் சிறிய கரிய இதழில் அக்காலத் திரை நடிகைகளின் சாயல் தெரிகிறது. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசனே பின்னர் ஜெமினி ஸ்டூடியோவையும் நடத்தினார். பத்திரிகைக்கும் படப்பிடிப்புக்கும் முதலாளி ஒருவர். ஆனாலும் இவ்விளக்கம் என்னை நிறைவு செய்யவில்லை. தமிழ்த் திரையில் நாயகனின் உதடும் கறுத்தே தெரிந்தது. சினிமாதான் காரணமென்றால் கேலிச்சித்திர ஆணுக்கும் இதழ் வந்திருக்க வேண்டும். மேலைக் கேலிச்சித்திரங்களில் ஏற்கெனவே இருந்த பங்கீட்டை நம் ஓவியர்கள் பிளாக்கின் நெருக்கடியில் கைக்கொண்டார்கள் என்பதே பொருத்தமாகப் படுகிறது. நேரடிச் சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

மீசையைக் கொண்டு ஒரு மறுப்பு எழக்கூடும்: ஆணின் மேலுதட்டை மீசை மறைக்கிறது, ஆகவே வரையவில்லை என்று. மீசையே ஆணைக் காட்டிவிடுமானால் பெண்ணுக்கு வேறு அடையாளம் எதற்கு? சேலை, கொண்டை, பொட்டு எல்லாம் இருந்தும் உதட்டைக் கறுப்பாக்கினார்கள். மீசை மழித்த ஆணுக்கும் கோடுதான் விழுந்தது. இன்னொரு மறுப்பும் எழலாம்: கார்ட்டூன் பெண்களில் மினி மவுஸுக்கு உதடில்லை, ‘பீனட்ஸ்’ லூசிக்கும் இல்லை என்று. அது உண்மை. ஆனால் லூசி சிறுமி, மினி எலி. வளர்ந்த பெண் என்று காட்ட வேண்டிய இடத்தில்தான் இதழ் ஏறுகிறது.

தமிழில் இம்மாற்றம் விகடன் ஓவியர் மாலி வரைந்த 1930களிலா, அங்கே கோபுலு வந்த 1940களிலா உறுதிப்பட்டது என்று ஆண்டு குறிக்க நான் துணியவில்லை. ஈழத்தில் தேடவேண்டிய இடம் தெளிவானது: கரவெட்டியைச் சேர்ந்த சி. சிவஞானசுந்தரம் 1960களில் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த நகைச்சுவை ஏடான ‘சிரித்திரன்’. அதன் கேலிச்சித்திரப் பாத்திரங்களான சவாரித் தம்பரையும் மிஸிஸ் டாமோடிரனையும் ஒரே கை வரைந்தது. ஊர் ஆணின் வாயையும் நாகரிகப் பெண்ணின் வாயையும் ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். அதற்குத் தொடர்ச்சியான இதழ்கள் வேண்டும். 1990களின் தொடக்கப் போர்க்கால இடப்பெயர்வில் தீவக வீடுகள் இழந்தவற்றில் கடதாசிகளைக் கணக்கெடுத்தவர் இல்லை. புளியங்கூடல், சரவணை, நாரந்தனைப் பக்கத்திலோ புலம்பெயர்ந்த உறவினர் வீட்டிலோ பழைய சிரித்திரனோ சாமிப்படக் கலண்டரோ மிஞ்சியிருந்தால், மட்டை கிழிந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். ‘நூலகம்’ எண்ணிம ஆவணகத்துக்கு ஒரு பிரதி எடுக்கக் கொடுத்துதவுங்கள்.