பள்ளியும் பாதையும்: பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்வியுரிமைக் கோரிக்கை (1891–1924)

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடம் அமைந்துள்ள ஊர்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஏரிப்பாசனத்தை நம்பிய அம்மாவட்டத்தில் நிலவுரிமை மிராசுதாரர்களிடம் இருந்தது. அந்நிலத்தில் உழைத்த பறையர் குடிகள் ஊருக்கு வெளியே சேரிகளில் வாழ்ந்தனர். 1891இல் மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் அளித்த அறிக்கை இம்மக்களின் அவலநிலையை அரசின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. அதன் விளைவாக 1892இல் நில ஒதுக்கீட்டு ஆணையும், அடுத்த ஆண்டில் பஞ்சமர் கல்விக்கான அரசாணையும் வெளிவந்தன.

இவ்வரலாறு பெரும்பாலும் ஆட்சியாளர், சமயப் பணியாளர் ஆகியோரின் கொடையாகவே எழுதப்பட்டுள்ளது. எனினும், அதே 1891இல் நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய மாநாடு கல்வியுரிமையைக் கோரியது. அதே ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்து, 1893இல் ‘பறையன்’ இதழையும் தொடங்கினார். செங்கல்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த சீனிவாசன் கோயம்புத்தூரில் பயின்றபோது, தம் சாதியைப் பிறர் அறிந்துவிடுவரோ என்னும் அச்சத்தால், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே அமர்ந்து படித்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். சேர்க்கை கிடைத்த மாணவனுக்கும் பள்ளி முழுமையாகத் திறக்கவில்லை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

1919இல் சென்னை அரசு மேற்கொண்ட மதிப்பீட்டின்படி, பொது நிருவாகத்தின் கீழிருந்த 8,157 பள்ளிகளில் 609 மட்டுமே பஞ்சமச் சிறுவரைச் சேர்த்தன. அதாவது, நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. இதற்குச் சட்டத் தடை காரணமன்று. பல பள்ளிகள் அக்கிரகாரங்களிலும் கோயில்களிலும் சாவடிகளிலும் நடைபெற்றன. சேரிச் சிறுவன் அவ்விடத்தை அடைய ஊர்த்தெரு வழியாக நடக்க வேண்டும். தாகமெடுத்தால் பொதுக்கிணற்றை நாட வேண்டும். இவ்விரண்டும் மறுக்கப்பட்ட நிலையில் சேர்க்கை ஆணை ஏட்டளவிலேயே நின்றது. சேரிக்கெனத் தனிப் பள்ளி அமைப்பது உடனடித் தீர்வாயிற்று. ஆயினும் அது பிரிவினையை நிலைப்படுத்தவும் செய்தது.

இப்பின்னணியில், 1924இல் சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் கல்வி வரலாற்றிலும் இடம்பெறத் தக்கது. பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். அது நிறைவேறி அரசாணையாகவும் வெளியிடப்பட்டது. பள்ளிக்குச் செல்லும் பாதையும் உரிமையே என்னும் கருத்து அவ்வழியே ஆட்சிமொழியில் இடம்பெற்றது.

ஏரிக்கரை ஊர்களில் இன்று மகிழுந்து ஆலைகள் எழுந்துள்ளன. தனிப் பள்ளியா, பொதுப் பள்ளியா என்னும் வினாவோ இன்னும் முடிவுறவில்லை. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவும், துறைவாரியாகப் பிரிந்துள்ள பள்ளிகளை ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொணரவும் நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையை மதிப்பிடுவோர் 1919ஆம் ஆண்டின் கணக்கையும் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்: பொதுப் பள்ளி என்னும் பெயர் மட்டும் ஒரு பள்ளியைப் பொதுவாக்கிவிடுவதில்லை.